ஒத்துப்போகாத விடைகள்

நாற்பத்தேழு வயதுப் பெண்ணைக் குட்டி என்று கூப்பிட்டால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வீட்டில் கடைசியாகப் பிறந்தவளுக்கு அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு அதைப் பிய்த்தெடுக்க யாராலும் ஆகாது. அப்பா கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டாள், அண்ணன் கூப்பிட்டான். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது அந்தப் பெயர் அண்ணன் வாயில் மட்டும்தான் இருந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஃபோனில், அண்ணி பின்னாலிருந்து "நானும் கேட்டேன்னு சொல்லுங்க" என்று குரல் கொடுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு.

குட்டி கணக்கு டீச்சராக இருந்தவள். நல்ல டீச்சர் என்று பெயரும் வாங்கியவள். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், பார்க்கிறவர்கள் ஓய்ந்துபோனார்கள். அம்மா போன பிறகு பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டாள். அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து, அந்த நாற்காலியும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலமாக இந்த வேலை கிடைத்தது.

பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் அது. புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருக்கும். அதில் ஒன்று தப்பாக அச்சாகிவிட்டால் போதும், பிள்ளை அழும், அப்பன் கத்துவான், டீச்சர் ஃபோன் போட்டுப் பதிப்பகத்தை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அதனால் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு விடை அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அலுவலகத்தில் அவர்களுக்கு முதல் கை, இரண்டாம் கை என்று பெயர். இரண்டு கையும் ஒரே விடையைச் சொன்னால் அது அச்சுக்குப் போகும். மாறிச் சொன்னால், இருவரும் ஃபோனில் பேசி, யார் சரி என்று முடிவு செய்து சொல்ல வேண்டும். ஒருவர் விடையை ஒருவர் முன்கூட்டிப் பார்க்கக் கூடாது.

குட்டி இரண்டாம் கை. முதல் கை யாரென்று அவளுக்குத் தெரியாது. வேறு ஊரில் இருக்கும் ஒரு சார் என்று பதிப்பாசிரியர் ஒருமுறை சொன்னதோடு சரி. அவரும் தப்புப் பண்ண மாட்டார், இவளும் தப்புப் பண்ண மாட்டாள். ஆகவே மாதக்கணக்கில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அம்மாவின் கட்டிலைக் கழற்றி அண்ணன் எடுத்துப்போய்விட்டான். அது இருந்த இடத்தில் தரை மட்டும் புதுசு போலப் பளிச்சென்று நீள்சதுரமாக இருந்தது. குட்டி தன் மேஜையை அங்கே போடாமல் சமையலறை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். காலையில் ஒரு ஆளுக்குச் சமைப்பாள். ஒரு ஆளுக்குச் சமைப்பதில் உள்ள சங்கடம், எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதை மத்தியானம் சாப்பிடுவாள், அப்புறமும் மிஞ்சும். பிறகு கணக்கு. கணக்குப் போடும்போது மட்டும் வீடு அமைதியாக இருப்பது அவளுக்கு உறைக்காது. பென்சிலைக் கீழே வைத்ததும் உறைக்கும்.

அந்தப் பருவத்தில் கோணங்கள் வந்தன. ஏழாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் ஒன்று, முழுக்க முழுக்க வாக்கியக் கணக்குகள். ஒரு கோணம் அதன் நிரப்புக் கோணத்தின் இரு மடங்கைவிட 15 பாகை அதிகம், அந்தக் கோணம் என்ன என்கிற மாதிரி. குட்டிக்கு இந்தக் கணக்குகள் பிடிக்கும். வகுப்பில் அவள் சொல்லிக்கொடுத்த முறைதான் அவளுக்கும் முறை. தெரியாததற்கு x என்று பெயர் வை. நிரப்புக் கோணம் என்றால் இரண்டும் சேர்ந்து தொண்ணூறு, ஆகவே மற்றது 90 − x. வாக்கியம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே எழுது: x = 2(90 − x) + 15. அப்புறம் உன் வேலை ஒன்றும் இல்லை, அது தானே அவிழும். 3x = 195. x அறுபத்தைந்து. மற்றது இருபத்தைந்து. அதன் இரு மடங்கு ஐம்பது, கூடப் பதினைந்து, அறுபத்தைந்து. சரி.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. சிவப்பு எழுத்தில் ஒரு வரி: "உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பேசி முடிக்கவும்." கீழே முதல் கையின் ஃபோன் நம்பர்.

புருஷன் பெண்டாட்டி பஞ்சாயத்து மாதிரி எழுதியிருக்கிறார்களே என்று குட்டிக்குச் சிரிப்பு வந்தது. நம்பரை அழுத்தினாள். எதிர்ப்பக்கம் எடுத்ததும் பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசியிருக்கவில்லை, தொண்டை கட்டிக்கிடந்தது. செருமிக்கொண்டு, "ஹலோ, முதல் கைங்களா?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றாங்க," என்றது ஓர் ஆண் குரல். வயதான, தணிந்த குரல். பக்கத்தில் யாரோ தூங்குகிறபோது பேசுகிற மாதிரி. "நீங்க?"

"நான் ரெண்டாம் கை."

"ஓ. வாங்க மேடம். நாம பேசவே மாட்டோம்னு நெனச்சேன்."

கணக்கு இதுதான்: ஒரு நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்து இரண்டு கோணங்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றைவிட இரு மடங்கு அதிகம். அவை யாவை? குட்டி அறுபது, நூற்றிருபது என்று எழுதியிருந்தாள். அவர் நாற்பத்தைந்து, நூற்று முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்.

"நாப்பத்தஞ்சு எப்படி சார் வந்துச்சு?"

"ரெண்டு மடங்கு அதிகம்னு போட்டிருக்கே மேடம். சின்னது எக்ஸ். அதைவிட ரெண்டு மடங்கு அதிகம்னா, எக்ஸோட இன்னும் ரெண்டு எக்ஸ் சேரணும். பெருசு மூணு எக்ஸ். ரெண்டும் சேர்ந்து நாலு எக்ஸ், நூத்தி எண்பது."

"பேச்சுல அப்படி யாரும் சொல்றதில்லையே சார். ரெண்டு மடங்கு அதிகம்னா ரெண்டு மடங்குதான். எக்ஸ், ரெண்டு எக்ஸ். மூணு எக்ஸ் நூத்தி எண்பது."

"பேச்சு வேற, கணக்கு வேற மேடம். உங்ககிட்ட ஒரு பேனா இருக்கு. எங்கிட்ட அதைவிட ஒரு மடங்கு அதிகமா இருக்குன்னா எத்தனை?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டு மடங்கு அதிகம்னா?"

குட்டி யோசித்தாள். பிடிபட்டுவிட்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் விட மனசில்லை. "எங்கிட்ட ஒரு மடங்கு அதிகமா பேனா இருக்குன்னு எந்த ஊர்ல சார் பேசுவாங்க?"

அவர் சிரித்தார். சிரிப்பையும் அடக்கித்தான் சிரித்தார். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற மெல்லிய ரீங்காரம் கேட்டது. பழைய ஃபிரிட்ஜாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எங்கேயோ கேட்டுப் பழகிய சத்தம் போலவும் இருந்தது. கடைசியில் இரண்டு பேருமே சரி, வாக்கியம்தான் தப்பு என்று முடிவாயிற்று. "அதிகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு வெறும் "இரு மடங்கு" என்று போடச் சொல்வது என்று பேசிக்கொண்டார்கள்.

"சரி மேடம். உங்க வழிக்கே வந்துட்டேன்," என்றார் அவர். "வச்சிடட்டுமா?"

"சரி சார்."

வைத்தபின் குட்டி ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். எதிர் மாடியில் யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவள் கடைக்குப் போனபோது, எப்போதும் வாய் திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டு வருகிறவள், "மழை வரும் போலிருக்கே" என்று கடைக்காரரிடம் சொன்னாள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அதன்பிறகு மூன்று வாரம் எல்லா விடைகளும் ஒத்துப்போயின. திங்கட்கிழமை கணக்குகள் வரும், வியாழக்கிழமை அனுப்புவாள், வெள்ளிக்கிழமை "அனைத்தும் சரி" என்று மெயில் வரும். முன்பெல்லாம் அந்த மெயிலைப் பார்த்தால் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. இப்போது அதைத் திறக்கவே கை வரவில்லை. நம்பர்தான் இருக்கிறதே, சும்மா கூப்பிட்டால் என்ன என்று தோன்றும். கூப்பிட்டு என்ன சொல்வது? முன்பின் தெரியாத மனுஷர். வயதானவர் வேறு. எதற்கம்மா கூப்பிட்டாய் என்று கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

நான்காவது வாரம், ஒரு கணக்கின் முன்னால் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நிரப்புக் கோணங்கள், ஒன்று மற்றதைவிட 18 பாகை அதிகம். சின்னது x, பெரியது x + 18, சேர்ந்து தொண்ணூறு. 2x = 72. முப்பத்தாறு, ஐம்பத்து நான்கு. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற கணக்கு. விடையை எழுதி முடித்துவிட்டு, அதைக் கோடு போட்டு அடித்தாள். தொண்ணூறுக்குப் பதில் நூற்றெண்பது என்று வைத்துக்கொண்டு, எண்பத்தொன்று, தொண்ணூற்றொன்பது என்று எழுதினாள். நிரப்புக் கோணத்துக்கும் மிகை நிரப்புக் கோணத்துக்கும் குழம்புவது எல்லாப் பிள்ளைகளும் பண்ணுகிற தப்பு. அனுப்பும்போது பரீட்சையில் பார்த்து எழுதுகிற பிள்ளை போல உணர்ந்தாள். ஆனால் ஒரு தைரியம், இது அச்சுக்குப் போகாது. அவர் சரியாகத்தான் போட்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை சிவப்பு வரி வந்தது. உடனே கூப்பிட்டால் நன்றாயிருக்காது என்று சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"நிரப்புக் கோணம் மேடம்," என்றார் அவர், குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல். "மிகைன்னு படிச்சுட்டீங்க போல. எனக்கும் ஆரம்பத்துல அந்தக் குழப்பம் வரும்."

"ஆமா சார். கண்ணு எங்கயோ இருந்திருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

இரண்டு சொல்கூட இல்லை, ஒரு சொல். குட்டி பென்சிலைக் கீழே வைத்தாள். "ஆச்சு சார். நீங்க?" என்று பிறகு கேட்டாள். அவர் கப்பல் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அன்றைக்குத் தெரிந்தது. தான் டீச்சராக இருந்ததை அவளும் சொன்னாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரீங்காரம் மட்டும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஏனோ மனசு அடங்கியது.

பழக்கம் பிடித்துக்கொண்டது. வாரம் ஒரு தப்பு. எந்தக் கணக்கில், என்ன தப்பு என்று திங்கட்கிழமையே தேர்ந்தெடுத்துவிடுவாள். ஒரு வாரம் முக்கோணம்: இரண்டாவது கோணம் முதலாவதைப் போல் இரு மடங்கு, மூன்றாவது முதலாவதைவிட 20 பாகை அதிகம். x, 2x, x + 20, ஆக 4x + 20 = 180. இருபதைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டி, 4x = 200 என்று வைத்து, ஐம்பது, நூறு, எழுபது என்று எழுதினாள்.

"மேடம், மூணையும் கூட்டிப் பாத்தீங்களா?" என்றார் அவர் அந்த வெள்ளிக்கிழமை.

"இல்லையே சார்."

"இருநூத்தி இருபது வருது. முக்கோணம் வெடிச்சிடும்."

குட்டி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்றோ, சமையலறைச் சுவர்கூட அதை ஒருமாதிரி அந்நியமாகத் திருப்பிக் கொடுத்தது. எதிர்முனையில் அவர் சிரிப்போடு இன்னொரு சத்தமும், இருமல் போல, கேட்டது. அவர்தான் இருமுகிறார் என்று நினைத்தாள். "உடம்பைப் பாத்துக்கங்க சார்," என்றாள். அவர் ஒரு கணம் பேசாமலிருந்துவிட்டு, "சரி மேடம்" என்றார்.

இது இப்படியே ஓடியிருக்கும். ஒருநாள் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். குட்டியைவிடப் பத்து வயது சின்னவள், மரியாதை தெரிந்த பெண்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளா வாரா வாரம் ஒரு விடை ஒத்துப்போக மாட்டேங்குது. எடுத்துப் பாத்தா, எல்லாமே உங்க பக்கத் தப்பா இருக்கு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. கொஞ்சம் கவனக்குறைவு."

"நீங்க இப்படிப் பண்றவங்க இல்லையே. அதான் கேட்டேன். மேல இருக்கறவங்களும் கவனிச்சிட்டாங்க. இன்னும் ஒண்ணு ரெண்டு வந்தா வேற ஆளைப் பாக்கச் சொல்வாங்க. எனக்கும் சங்கடம்."

ஃபோனை வைத்த குட்டிக்கு முகமெல்லாம் சுட்டது. தப்பே பண்ணாதவள் என்று பெயர் எடுத்தவள் இப்போது அடுத்தவர் தயவில் ஓட்டுகிறாள். அதுகூடப் பரவாயில்லை. இந்த வேலையும் போய்விட்டால் அந்த வீட்டில் திங்கட்கிழமை என்று ஒன்றே இருக்காது. அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு விடையையும் மூன்று முறை சரிபார்த்து அனுப்பினாள். "அனைத்தும் சரி" என்று வெள்ளிக்கிழமைகள் வரிசையாக வந்தன. மழைக்காலம் வந்து, ஜன்னலைச் சாத்தியே வைக்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறந்துபோனான். அடுத்த வாரம் கூப்பிட்டு, "குட்டி, போன வாரம் பேசினோமா என்ன?" என்று கேட்டான். "பேசினோம்னு நெனக்கறேன்," என்றாள் அவள்.

புத்தகத்தில் கடைசிப் பகுதி வந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை, எதிர்பாராமல், சிவப்பு வரி.

குட்டி பதறிப்போய்த் தன் விடையை எடுத்துப் பார்த்தாள். இரண்டு நேர்கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. குத்தெதிர்க் கோணங்கள் 3x + 10, 5x − 30. கோணங்களைக் காண்க. குத்தெதிர்க் கோணங்கள் சமம். 3x + 10 = 5x − 30. x இருபது. கோணம் எழுபது, பக்கத்துக் கோணம் நூற்றுப்பத்து. சரியாகத்தான் இருந்தது. அவருடைய விடையைப் பார்த்தாள். எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து. இரண்டையும் சமம் என்று வைக்காமல், கூட்டி நூற்றெண்பது என்று வைத்திருக்கிறார். அவர் பண்ணுகிற தப்பே இல்லை. ஏழாம் வகுப்பில் பாடம் கேட்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை பண்ணுகிற தப்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவரும் அதையேதான் பண்ணியிருக்கிறார். அவள் நிறுத்திவிட்டதும் அவர் தொடங்கியிருக்கிறார். மெயிலை மூடக்கூட இல்லை, நம்பரை அழுத்திவிட்டாள்.

"என்ன சார்," என்றாள், எடுத்ததும், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இந்தத் தடவை உங்க பக்கம் போலிருக்கே? எதிரெதிர் கோணத்தைப் போய்க் கூட்டி வச்சிருக்கீங்க. இதைவிட நல்ல தப்பா ஒண்ணு கிடைக்கலையா?"

பதில் இல்லை. அந்த அமைதியில் அவளுக்கு ஒன்று உறைத்தது. ரீங்காரம் இல்லை.

"பக்கத்துக் கோணம்னு நெனச்சுட்டேன் மேடம்," என்றார் அவர். குரலைத் தணிக்கவில்லை. அவருடைய உண்மையான குரலை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "பக்கத்துலதான் இருக்குன்னு நெனச்சுட்டேன். போன வியாழக்கிழமை எங்க வீட்ல தவறிட்டாங்க."

குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார். எனக்குத் தெரியாது சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும். நான் சொல்லலையே. ரெண்டு வருஷமா படுக்கைதான். மூச்சுக்கு மெஷின் வச்சிருந்தோம். நீங்க கூப்பிடறப்பல்லாம் பக்கத்துல ஓடிட்டிருக்கும், கேட்டிருப்பீங்க."

கேட்டாள். கேட்டு, பழைய ஃபிரிட்ஜ் என்று நினைத்தாள். அம்மாவின் கட்டிலருகே இரவும் பகலும் ஓடிய அதே மெஷின், அதே சத்தம். அந்தச் சத்தத்தின் மடியில் இரண்டு வருஷம் தூங்கி எழுந்தவள், அதை அடையாளம் தெரியாமல், அது கேட்டால் மனசு அடங்குகிறது என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தாள்.

"நான் பாட்டுக்கு வெளையாட்டா பேசிட்டேன். மன்னிச்சிடுங்க சார்."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க. நான்தான் கேக்கணும்," என்றார் அவர். "உங்க ஃபோன் வந்தா ஸ்பீக்கர்ல போடுன்னு கையைக் காட்டுவா. உங்ககிட்டச் சொல்லாமலே போட்டுட்டேன். வேற யார் மேடம் எங்களுக்குக் கூப்பிடறாங்க? நீங்க ஒரு விடை சொல்வீங்க, அவ விரல்ல கூட்டிப் பாப்பா. தப்புன்னு தெரிஞ்சா ஒரே சிரிப்பு. சிரிச்சா இருமல் வரும். இருமினாலும் பரவால்லன்னு சிரிப்பா."

குட்டி ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முக்கோணத்துக்கு இருநூத்தி இருபது வந்துச்சே, அன்னைக்கு அவ சொன்னா. இந்தம்மா வேணும்னே பண்றாங்கன்னு. நான் இல்லவே இல்லைன்னேன். அவங்க டீச்சரா இருந்தவங்க, வேலையில விளையாட மாட்டாங்கன்னேன். ரெண்டு பேருக்கும் அதுல பந்தயம். நீங்க கூப்பிடறப்ப ஒவ்வொரு தடவையும் கேட்டுடுங்கன்னு உயிரை எடுப்பா. எப்படிக் கேக்கறது?"

குட்டி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்புறம் நீங்க கூப்பிடறது நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமையானா என்னையே பாப்பா. என்ன, உங்க மேடத்துக்குக் கணக்கு வந்துடுச்சான்னு கேப்பா. பாதி வார்த்தைதான் வெளிய வரும், மீதியை நானே போட்டுக்குவேன். நீங்களாவது கூப்பிட்டுப் பேசுங்களேன்னா. என்னன்னு சொல்லிக் கூப்பிடறது மேடம்? எல்லா விடையும் சரியா இருக்கே."

வெளியே மழை விட்டு, ஜன்னல் கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு வீட்டில் இவள் நம்பரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வாரங்களில் ஒவ்வொரு விடையையும் மூன்று முறை சரிபார்த்தது ஞாபகம் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் அவர். "அவ சொன்னது சரியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கவனக்குறைவு என்று பதிப்பாசிரியரிடம் சொன்னதையே சொல்லியிருக்கலாம்.

"சரிதான் சார்," என்றாள். "பேச ஆளில்லை. அதான்."

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நான் தோத்துட்டேன்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அவர் அழுது முடிக்கிற வரை குட்டி வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா போன அன்று எல்லாரும் சொன்ன ஆறுதல்களில் ஒன்றுகூட அவளுக்கு உதவியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு, "கணக்கை என்ன சார் பண்றது?" என்று மெல்லக் கேட்டாள். "தப்பு என் பேர்ல போகட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"வேணாம் மேடம். எழுபது, நூத்திப்பத்துதான் சரி. தப்பு என்னுது, அப்படியே எழுதுங்க. எப்படியும் இதுதான் கடைசி. பையன் வந்திருக்கான். தனியா இருக்க வேணாம், கூட வந்துடுங்கன்றான். போறேன்னு சொல்லிட்டேன். அங்க போனதும் நம்பர் மாறும். கூப்பிடறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பழையபடி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றாள். போய்ச் சாப்பிடுங்க என்றார்.

அவர் சொன்னபடி கூப்பிடவும் செய்தார். இரண்டு மாதம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து. பின்னால் டிவி சத்தம், பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம். அவர் அவ்வளவுக்கும் மேலே குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

"இங்க எல்லாம் சௌகரியம் மேடம். தனி ரூம் குடுத்திருக்காங்க."

"நல்லது சார்."

"உங்களுக்கு வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது சார். புதுசா ஒரு பொண்ணு முதல் கை. நல்லா போடறா."

"நல்லது."

அப்புறம் இருவருக்கும் பேச ஒன்றும் அகப்படவில்லை. ஒரு கணக்கு கையில் இருந்தால் எங்கிருந்தாவது தொடங்கியிருக்கலாம். குட்டி தேடினாள், அவரும் தேடினார் போலிருக்கிறது. "மாமா, தட்டு வச்சாச்சு" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "மருமக கூப்பிடறா," என்றார். "போங்க சார்," என்றாள். அவர் வைக்கவில்லை, கொஞ்ச நேரம் அந்த வீட்டின் சத்தத்தை மட்டும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது. அவள் அதன்பின் அந்த நம்பரை ஒருமுறை கூப்பிட்டாள், பையன் எடுத்து, அப்பா தூங்குகிறார், யார் பேசறீங்க என்று கேட்டான். ஆபீஸ்லேர்ந்து என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புது முதல் கையோடு ஒருமுறை விடை ஒத்துப்போகவில்லை. அந்தப் பெண், "சாரி மேடம், உங்களுதுதான் சரி, நான் மாத்திடறேன்" என்று சொல்லி, குட்டி வாய் திறக்குமுன் வைத்துவிட்டாள்.

அந்த வாரம் குட்டி புடவை மாற்றிக்கொண்டு, பஸ் பிடித்து, பதிப்பகத்துக்கு நேரில் போனாள். இத்தனை நாளில் அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. பதிப்பாசிரியர் ஃபோன் குரலில் தெரிந்ததைவிடக் குள்ளமாக, களைத்த கண்களோடு இருந்தார்.

"இங்க வந்து உக்காந்து வேலை பாக்கட்டுமா?" என்று கேட்டாள் குட்டி.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?"

"ஒண்ணும் இல்ல. வீட்ல யாரும் இல்ல."

பதிப்பாசிரியர் அவளைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. "ரெண்டு கையும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாதுன்னு விதி. அந்தப் பொண்ணு வீட்லேர்ந்துதான் பண்றா, அதனால பரவால்ல. ஆனா ஜன்னல் பக்கம் இடம் இல்ல மேடம். பின்னாடி, பார்சல் கட்டற இடத்துக்கிட்டதான் ஒரு மேஜை கிடக்கு. சத்தமா இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள் குட்டி.

மறுநாளிலிருந்து போகத் தொடங்கினாள். அங்கே யாரும் யாரோடும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பாதிப் பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். முதல் வாரம் முழுக்க, தண்ணீர் எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே அணைப்பது என்பதைத் தவிர அவளிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் தனியாக இருப்பதைவிட இது கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருந்தது. ஆனாலும் போனாள்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பார்சல் கட்டுகிறவர் கயிற்றுப் பந்தோடு மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

"நீங்கதான் ரெண்டாம் கையாம்மா?"

"ஆமா."

"நான் இத்தனை நாளும் அது ஆம்பளன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"ஏன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். "தெரியலைம்மா. ஏனோ அப்படித் தோணிடுச்சு."

"உக்காருங்க," என்றாள் குட்டி, எதிர் நாற்காலியிலிருந்த தாள்களை எடுத்துக் கீழே வைத்தபடி. "நிறையத்தான் கொண்டுவந்திருக்கேன்."

லாரி வந்துவிடும், நேரமில்லை என்றார் அவர். சொல்லிக்கொண்டே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.